கார்த்திகை மேகத்தின் இடுக்கில்: 1872இல் சென்னையில் போக்சன் பார்த்தது எந்த வால்நட்சத்திரம்?

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்கிறேன். "1872இல் ஜெர்மனியிலிருந்து சென்னைக்கு ஒரு தந்தி வந்ததாம். வால்நட்சத்திரம் பூமியைத் தொட்டுவிட்டது, தேடிப் பாருங்கள் என்று அதில் இருந்ததாம். சென்னை வானாய்வகத்தில் இருந்தவர் தேடிப் பிடித்தும்விட்டாராம். இது நடந்ததா, கட்டுக்கதையா? அந்த வால்நட்சத்திரம் திரும்பி வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பார்த்தவர் நம் ஊர்க்காரர் ஒருவர் என்று எங்கோ படித்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். தந்தி வந்தது உண்மை. தேடியதும் உண்மை, கண்டதும் உண்மை. தந்தி சொன்ன வால்நட்சத்திரத்தைத்தான் அவர் கண்டாரா என்பதே உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி. பெரும்பாலும் இல்லை என்பது என் பதில். அதைச் சொல்ல அந்த மனிதர் எழுதிய கடிதமே எனக்குப் போதும். அவர் வந்தடைந்த முடிவை அவர் குறித்துவைத்த எண்களே மறுக்கின்றன.

நான் தொழில்முறை வானியலாளர் அல்லன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, விடியற்காலை மாடியில் நின்று முப்பது வருடமாக வால்நட்சத்திரம் தேடுகிறவன். பழைய வானியலாளர்களின் கடிதங்களைப் படிக்கும் பழக்கம் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஒரு மங்கலான புள்ளியைப் பார்த்துவிட்டு அதை யாருக்காவது எழுதித் தெரிவிப்பது எவ்வளவு சங்கடமான வேலை என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே போக்சனைக் குறை சொல்லும் எண்ணத்தில் இதை எழுதவில்லை.

நார்மன் ராபர்ட் போக்சன் 1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். நட்சத்திரங்களின் ஒளித்தரத்தில் 5 படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு என்று நாம் இன்றும் வைத்திருக்கும் அளவுகோல் அவர் 1856இல் முன்வைத்தது. அதே வருடம் அவர் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஐசிஸ் என்று பெயர். அவருடைய மகளின் பெயரும் அதுதான். 1861இல் அரசு வானியலாளராகச் சென்னைக்கு வந்தார். வந்த சில மாதங்களுக்குள், ஏப்ரல் 17 அன்று, இங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1891இல் இறக்கும்வரை சென்னைதான் அவருக்கு ஊர். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் அந்த வானாய்வகம் இருந்தது. பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறித்தது, இன்னும் அங்கேயே நிற்கிறது.

இனி வால்நட்சத்திரம். 1826 பிப்ரவரியில் பொஹீமியாவில் வில்ஹெல்ம் வான் பியேலா என்ற ராணுவ அதிகாரி அதைக் கண்டார். சுற்றுப்பாதையைக் கணக்கிட்டபோது, 1772லும் 1805லும் வந்துபோனதும் இதுவே என்று தெரிந்தது. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஆறரை வருடத்துக்குச் சற்று அதிகம். அதன் பாதை பூமியின் பாதைக்கு மிக அருகில் வருகிறது என்பதால் 1832இல் ஐரோப்பாவில் ஒரு பீதியே கிளம்பியது. வால்நட்சத்திரம் அந்த இடத்தைக் கடந்து ஒரு மாதம் கழித்துத்தான் பூமி அங்கே போய்ச் சேரும் என்று வானியலாளர்கள் விளக்கியும் எல்லோரும் அடங்கிவிடவில்லை. அடுத்து 1846 ஜனவரியில் யாரும் எதிர்பாராதது நடந்தது. தொலைநோக்கியில் அது இரண்டாகத் தெரிந்தது. 1852இல் அந்த இரண்டு துண்டுகளும் 20 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் விலகி, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதுதான் கடைசி. 1859இல் வானத்தில் இருந்த இடம் தோது இல்லை. 1866இல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பா முழுவதும் தேடினார்கள், ஒன்றும் இல்லை. ஆளைக் காணோம் என்று விளம்பரம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது பியேலாவின் கதை.

அதே காலத்தில் வேறொரு நூலும் பின்னப்பட்டுக்கொண்டிருந்தது. எரிநட்சத்திரப் பொழிவுகள் வால்நட்சத்திரங்கள் தங்கள் பாதையில் உதிர்த்துவிட்டுப் போகும் தூசிதான் என்பது 1866, 1867 வாக்கில் உறுதிப்பட்டது. நவம்பர், டிசம்பரில் ஆண்ட்ரோமெடா விண்மீன் தொகுதிப் பக்கத்திலிருந்து எப்போதாவது வரும் எரிநட்சத்திரங்கள் பியேலாவின் பாதையோடு பொருந்துகின்றன என்று எட்மண்ட் வைஸ், டாரெஸ்ட் போன்றவர்கள் காட்டினார்கள். அப்புறம் வந்தது 1872 நவம்பர் 27 இரவு. ஐரோப்பா முழுவதும் வானம் கொட்டியது. இத்தாலியின் மொன்காலியெரியில் சிலர் சேர்ந்து எண்ணியதே ஆறரை மணி நேரத்தில் முப்பதாயிரத்துக்கு மேல். எல்லாம் காமா ஆண்ட்ரோமெடே நட்சத்திரத்தின் அருகிலிருந்து பாய்ந்துவருவது போல் தோன்றின.

ஜெர்மனியின் கோட்டிங்கன் வானாய்வகத்தின் வில்ஹெல்ம் கிளிங்கர்ஃபியூஸ் இதைப் பார்த்துவிட்டு ஒரு தைரியமான முடிவுக்குத் தாவினார். தூசி மட்டும் வரவில்லை, காணாமல் போன வால்நட்சத்திரமே பூமியை உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று நினைத்தார். உரசிவிட்டுப் போன பொருள் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். காமா ஆண்ட்ரோமெடேவுக்கு ஏறக்குறைய நேர் எதிரே வானத்தில் இருப்பது தீட்டா சென்டாரி. அந்த நட்சத்திரம் கோட்டிங்கனில் மிக உயரமாக வரும்போதுகூடத் தொடுவானத்துக்கு மேல் 3 பாகை எழாது. ஆகவே தெற்கே ஒருவர் வேண்டும், அவரிடம் உடனே சொல்ல வழியும் வேண்டும். நன்னம்பிக்கை முனையில் நல்ல வானாய்வகம் இருந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவுக்குக் கடலடிக் கம்பி போய்ச் சேர்ந்தது 1879இல்தான். இந்தியாவுக்கோ 1870லேயே கடல் வழியும் பாரசீகம் வழியும் நல்ல கம்பித் தொடர்பு வந்துவிட்டது. சென்னையில் தீட்டா சென்டாரி 40 பாகைக்கு மேல் ஏறும். அங்கே போக்சன் என்று ஒருவர் இருக்கிறார், தேடுவதில் கெட்டிக்காரர். நவம்பர் 30 இரவு தந்தி வந்து சேர்ந்தது: "27ஆம் தேதி பியேலா பூமியைத் தொட்டது. தீட்டா சென்டாரி அருகே தேடுக." அவ்வளவுதான். இருக்கலாம், போலும், என்று நினைக்கிறேன் என்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. காசு கொடுத்து அனுப்பும் சொற்களில் ஐயம்தான் முதலில் வெட்டுப்படும்.

போக்சன் நடந்ததைப் பிறகு கடிதமாக எழுதினார். அது இங்கிலாந்தில் அச்சாகி, அன்றிலிருந்து வால்நட்சத்திரம் பற்றிய எத்தனையோ புத்தகங்களில் எடுத்தாளப்படுகிறது. அதில் சொல்வதன் சாரம் இது. திடுக்கிட வைக்கும் தந்தி வந்தது. அடுத்த இரண்டு விடியல்களிலும் வால்நட்சத்திரம் உதிக்கும் 16 மணியிலிருந்து சூரிய உதயம்வரை காத்திருந்தேன், மேகமும் மழையும் ஏமாற்றின. மூன்றாவது முயற்சியில், சுமார் 17½ மணிக்கு, சற்று நேரம் நீல வானம் தெரிந்தது, பியேலாவைக் கண்டுகொண்டேன். பெயரற்ற ஒரு நட்சத்திரத்தோடு நான்கு ஒப்பீடுகள்தான் எடுக்க முடிந்தது. ஆனாலும் 4 நிமிடத்தில் 2.5 நொடி முன்னே நகர்ந்திருந்தது, சரியான பொருள் இதுவே என்பது அத்தோடு உறுதியாயிற்று. வட்டம், பிரகாசம், தெளிவான கரு, வால் இல்லை, விட்டம் சுமார் 45 வில்நொடி (ஒரு வில்நொடி பாகையில் 3600இல் ஒரு பங்கு). இது நன்றாக வெளுத்த வானத்தில் பார்த்தது. மறுநாள் இன்னும் நல்ல வாய்ப்பு: வேறொரு பெயரற்ற நட்சத்திரத்தோடு ஏழு ஒப்பீடு, அப்போது தயாராகிக்கொண்டிருந்த சென்னை அட்டவணையின் நட்சத்திரம் ஒன்றோடு இரண்டு, டெய்லர் 7734 என்ற நட்சத்திரத்தோடு இரண்டு. விட்டம் 75 வில்நொடி, பிரகாசமான கரு, மங்கலான ஆனால் ஐயமில்லாத வால், நீளம் 8 வில்நிமிடம் (ஒரு வில்நிமிடம் பாகையில் 60இல் ஒரு பங்கு), திசை சுமார் 280 பாகை. இன்னொரு வால்நட்சத்திரத்தைத் தேட நேரம் இல்லை. அடுத்த விடியலில் மேகமும் மழையும் திரும்பிவிட்டன.

இதைப் படிக்கும்போது சென்னைவாசிக்குச் சிரிப்பு வரும். டிசம்பர் தொடக்கம், கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழை. தென்கிழக்கு வானம் கடல் பக்கம். மேகம் ஏறிவருவதே அங்கிருந்துதான். ஜெர்மனியிலிருந்து பார்த்தால் சென்னை என்பது வரைபடத்தில் வசதியான அகலாங்கு. இங்கே இருப்பவனுக்கு அது கார்த்திகை விடியல். நான்கு விடியல்களில் இரண்டு திறந்துவிட்டதே பெரிய அதிர்ஷ்டம் என்பேன்.

நேரக் குறிப்பில் ஒரு சிக்கல் உண்டு. பலர் தடுக்கி விழுவது அங்கேதான். அக்கால வானியலாளர்களுக்கு நாள் தொடங்குவது நள்ளிரவில் இல்லை, நண்பகலில். 16 மணி என்றால் நமக்கு விடியற்காலை 4 மணி. 17½ என்றால் காலை ஐந்தரை. ஆகவே அவர் டிசம்பர் 2 என்று எழுதும் விடியல் நம் நாட்காட்டியில் டிசம்பர் 3. அவருடைய 3 நமக்கு 4. தந்தி வந்த நவம்பர் 30 இரவுக்குப் பிறகு டிசம்பர் 1, 2 விடியல்கள் மழையில் போயின, மூன்றாவது விடியலில் கண்டார் என்று எண்ணிப் பார்த்தால் இது சரியாகப் பொருந்தும். இதைக் கவனிக்காமல் டிசம்பர் 2 காலை என்று எழுதுகிறவர்கள் போக்சனின் ஒரு மழை நாளைத் தின்றுவிடுகிறார்கள்.

இப்போது எது உறுதி என்பதைப் பார்ப்போம். அவர் பார்த்தது ஒரு வால்நட்சத்திரம். இதில் எனக்கு ஐயம் இல்லை. முதல் காரணம், அது நகர்ந்தது. 2013இல் ஐசான் வால்நட்சத்திரம் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, கன்னி ராசிப் பக்கம் ஒரு விடியலில் மங்கலான ஒரு திட்டைப் பிடித்துவிட்டு நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த விடியலில் அது அதே இடத்தில் அசையாமல் இருந்தது. நான் பார்த்தது ஒரு விண்மீன் மண்டலம் (கேலக்ஸி). அந்தப் பக்கம் அவை ஏராளம். வானத்தில் எந்த இடத்தை எதிர்பார்த்துப் பார்க்கிறோமோ அங்கே கண் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். போக்சன் என்னைப் போல் ஏமாறவில்லை. நான்கு நிமிட இடைவெளியில் அளந்து, நகர்கிறது என்று பார்த்த பிறகே நம்பினார். அந்த அளவீடு எப்படி நடக்கும் தெரியுமா? தொலைநோக்கியை அசையாமல் நிறுத்திவிட வேண்டும். வானம் தானாக ஓடும். முதலில் நட்சத்திரம் கம்பியைக் கடக்கும், பிறகு வால்நட்சத்திரம் கடக்கும், அல்லது முன்பின்னாக. கடிகாரத்தின் டிக்டிக்கைக் காதால் எண்ணிக்கொண்டே, கடந்த கணத்தைக் கண்ணால் பிடித்து, நொடியின் பின்னம்வரை மனத்தில் பிரித்துக் குறிக்க வேண்டும். ஐந்தரை மணிக்கு வெளுக்கும் வானத்தில், தொடுவானத்துக்கு மேல் 16 பாகை உயரத்தில், மேகம் மூடுவதற்குள் நான்கு முறை. கை நடுங்காதவர்.

இரண்டாவது காரணம் வால். அதன் திசை 280 பாகை என்றால், வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணும் வானியல் முறையில் ஏறக்குறைய மேற்கு. அந்த விடியலில் சூரியன் இன்னும் உதிக்காமல் வால்நட்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. வால் சூரியனுக்கு எதிர்ப்புறம், அதாவது மேற்கே நீள வேண்டும், நீண்டது. கண்மயக்கம் என்றால் வால் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பி இருக்காது. முதல் நாள் 45, மறுநாள் 75 என்று விட்டம் பெருத்ததையும் வைத்து அது ஒரே நாளில் வீங்கியது என்று சொல்லிவிடக் கூடாது. முதல் நாள் வானம் வெளுத்துவிட்டது, வெளி மங்கல் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை அவரே எழுதி வைத்துவிட்டதால் நமக்கு வேலை மிச்சம்.

இனி ஐயம். கடிதத்தில் என் கண் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும் இடம், 2.5 நொடி நகர்ந்தது, அதனால் சரியான பொருள்தான் என்பது உறுதியாயிற்று, என்ற வாக்கியம். நகர்ந்ததால் அது வால்நட்சத்திரம் என்பது உறுதியாயிற்று. பியேலா என்பது எப்படி உறுதியாகும்? நகர்வதெல்லாம் பியேலா ஆகிவிடாது. அந்த இடைவெளியைத் தந்தி நிரப்பிவிட்டது. அவர் தொலைநோக்கியில் கண் வைக்கும் முன்பே பொருளுக்குப் பெயர் வைத்தாயிற்று. "பியேலாவைக் கண்டுகொண்டேன்" என்றுதான் எழுதுகிறார், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டேன் என்று எழுதவில்லை. இன்னொரு வால்நட்சத்திரத்தைத் தேட நேரமில்லை என்று சொல்வதும் அதனால்தான்; பியேலா இரட்டை, ஆகவே துணை அருகில் இருந்தாக வேண்டும் என்று மனம் முடிவுகட்டிவிட்டது.

அவருடைய எண்ணை அவர் முடிவிலிருந்து பிரித்து எடுத்துப் பாருங்கள். 4 நிமிடத்தில் 2.5 நொடி என்றால் ஒரு நாளில் 900 நொடி, அதாவது 15 நிமிடம். வானம் 4 நிமிடத்தில் ஒரு பாகை ஓடுகிறது என்ற கணக்கில் இது 3¾ பாகை. தெற்கே அந்த இடத்துக்குரிய சுருக்கத்தையும் சேர்த்தால் நாளுக்குச் சுமார் 3 பாகை. நிலா நாளுக்கு 13 பாகை நகர்கிறது. அதில் கால் பங்கு. வால்நட்சத்திரத்துக்கு இது நல்ல வேகம். ஆனால் நவம்பர் 27 அன்று பூமியைத் தொட்டுவிட்டு நேராக விலகி ஓடுகிற பொருள் எப்படித் தெரியும்? ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மேலேயே நின்றுகொண்டு, விலகிப்போகும் ரயிலின் பின்பக்க விளக்கைப் பார்ப்பது போல. மங்கிக்கொண்டே போகும், பக்கவாட்டில் அதிகம் நகராது. அந்த எரிநட்சத்திரங்களின் வேகம் நொடிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே வேகத்தில் போயிருந்தால் ஐந்தாறு நாளில் 80, 90 லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அந்தத் தொலைவில் நாளுக்கு 3 பாகை பக்கவாட்டில் போக வேண்டுமென்றால், அது பூமியைத் தொட்டிருக்க முடியாது. இருபது லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிக் கடந்திருக்க வேண்டும். இது நான் தாளின் ஓரத்தில் போட்ட முரட்டுக் கணக்கு. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

தீர்ப்பு எழுதக்கூடிய கணக்கு வேறு. பியேலாவின் பாதை நன்றாகத் தெரிந்த பாதை. 1872இல் அது வந்திருந்தால், பூமி நவம்பர் 27 அன்று கடந்த அந்தச் சந்திப்பை இரண்டு துண்டுகளும் ஏறக்குறைய 12 வாரம் முன்னதாகவே கடந்து போயிருக்க வேண்டும். நொடிக்கு 40 கிலோமீட்டருக்கு நெருங்கிய வேகத்தில் 12 வாரம்; பல கோடி கிலோமீட்டர் முன்னே போய்விட்ட வண்டி. டிசம்பர் தொடக்கத்தில் தீட்டா சென்டாரி அருகே அந்த இரண்டு துண்டுகளில் எதுவும் இருக்க வழியில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இதைத் திரும்பிப் பார்த்தவர்கள் இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். வால்நட்சத்திரம் பூமியைத் தொட்டதா என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். தொட்டது அது முந்தைய சுற்றுகளில் உதிர்த்துப்போட்ட மணல் மணியளவுத் துகள்கள். அவை நம் தலைக்கு மேல் 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிட்டன.

அப்படியானால் போக்சன் கண்டது எது? இங்கேதான் என் உறுதி தீர்ந்துபோகிறது. பியேலாவிலிருந்து எப்போதோ பிய்ந்து, பின்தங்கி வந்துகொண்டிருந்த மூன்றாவது துண்டாக இருக்கலாம் என்றால், அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. சம்பந்தமே இல்லாத வேறொரு வால்நட்சத்திரம் தற்செயலாக அங்கே இருந்தது என்றால், அதற்கும் தடை இல்லை. என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது, அந்த 3 பாகை வேகத்தால். ஆனாலும் கோட்டிங்கனில் ஒருவர் தவறான காரணத்தைக் கொண்டு வானத்தில் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட, சரியாக அந்த வாரத்தில் அந்த இடத்தில் யாரும் அதுவரை பார்த்திராத வால்நட்சத்திரம் ஒன்று நின்றது என்பதை விழுங்குவது எளிதில்லை. குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயில் பட்டது போலத்தான். வானத்தில் அதுவும் நடக்கும்.

ஏன் தீர்க்க முடியவில்லை என்றால், இரண்டே விடியல். ஒரு வால்நட்சத்திரம் வானத்தில் எங்கே இருந்தது என்று ஒருமுறை அளந்தால் இரண்டு எண் கிடைக்கும். பாதையை முழுதாக வரைய ஆறு எண் தேவை. மூன்று விடியல் அளந்தால் ஆறு. போக்சனிடம் இருந்தது நான்கு. மூன்றாவது விடியலைப் பருவமழை எடுத்துக்கொண்டது; அதன் பிறகு வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேம்பிரிட்ஜ் வானாய்வகத்தின் ஜேம்ஸ் சாலிஸ் நினைவுக்கு வருவார். 1846 ஜனவரி 15 அன்று அவர் பியேலாவைப் பார்த்தபோது அது இரண்டாகத் தெரிந்தது. அதுவரை கேள்விப்படாத காட்சி. தன் கண்ணையே நம்பாமல் விட்டுவிட்டார்; 23ஆம் தேதி மறுபடி இரண்டாகத் தெரிந்தபோதுதான் நம்பினார். அதே வருடம் ஜூலையில் நெப்டியூனைத் தேடச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. தேடி, ஆகஸ்ட் 4, 12 இரண்டு நாளும் அதன் இடத்தைக் குறித்தும் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்காததால் அது கோள் என்பது தெரியாமலே போயிற்று. செப்டம்பர் 23 அன்று பெர்லினில் கண்டுபிடித்துவிட்டார்கள். இருந்ததை நம்பாதவர் அவர். தந்தியை அதிகம் நம்பியவர் போக்சன். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போக்சனைத்தான் எடுப்பேன். அவர் தவறாகப் பெயரிட்டாலும், எண்களை வந்தபடியே எழுதி அனுப்பிவிட்டார். 16 மணி, 2.5 நொடி, 280 பாகை. 150 வருடம் கழித்து ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு அவரோடு வாதாட அதுதான் எனக்கு இடம் தருகிறது.

நம் ஊர்க்காரர் முதலில் பார்த்தார் என்ற செய்தி வேறொரு உண்மை இதில் கலந்துவிட்டதால் வந்தது என்று நினைக்கிறேன். வானாய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ரெட்டிகுலம் தொகுதியில் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1872இல் லண்டனின் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர். அதே வருடம் என்பதால் கதை ஒட்டிக்கொண்டிருக்கும். வால்நட்சத்திரம் பற்றிய கடிதம் முழுக்கத் தன்மையில், நான் காத்திருந்தேன், நான் கண்டேன் என்றுதான் போகிறது. ஆச்சாரிக்குச் செய்யும் மரியாதை அவர் செய்ததைச் சொல்வது, செய்யாததைச் சேர்ப்பதில்லை.

சென்னையின் பழைய உழைப்பு இந்தக் கடிதத்தில் வேறு வகையில் இருக்கிறது. டெய்லர் 7734 என்று ஒரு எண் வந்ததே, அது போக்சனுக்கு முன் 1830 முதல் 1848 வரை இங்கே இருந்த தாமஸ் கிளான்வில் டெய்லரின் அட்டவணை எண். சென்னையிலிருந்தே அளந்து அச்சிட்ட 11,015 நட்சத்திரங்கள். வால்நட்சத்திரத்தின் இடத்தைச் சொல்ல, இடம் தெரிந்த ஒரு நட்சத்திரம் பக்கத்தில் வேண்டும். இல்லாவிட்டால் பெயரற்ற நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுவிட்டு, பிறகு அந்த நட்சத்திரத்தின் இடத்தைத் தனியாக அளந்து கண்டுபிடிக்க வேண்டும். முதல் விடியலில் அவருக்கு அதுதான் நேர்ந்தது. மறுநாள் டெய்லரின் நட்சத்திரம் ஒன்று பார்வைக்குள் வந்தது. முப்பது வருடத்துக்கு முன் ஒருவர் எண்ணிட்டு வைத்துவிட்டுப் போன விளக்கு.

மூலத்தைப் பார்க்க விரும்பினால், சென்னை வானாய்வகத்தின் பழைய ஆவணங்கள் இப்போது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் இருக்கின்றன. வானாய்வகம் 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது, அந்த வழியாக அவை அங்கே போய்ச் சேர்ந்தன. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகப் பக்கத்துக் கடிதக் கட்டுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. ஆவணம் வேண்டாம், இடத்தைப் பார்த்தால் போதும் என்றால் டிசம்பர் முதல் வாரத்தில் காலை நாலேகால், நாலரை மணிக்குக் கடற்கரைக்குப் போய்த் தென்கிழக்கே பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டி ஏறிவரும் சற்றே ஆரஞ்சு நிற நட்சத்திரம் தீட்டா சென்டாரி. மேகம் இருக்கும்; குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது திரும்பி வருமா என்று கேட்டீர்கள். பாதை தெரியாததற்கு வருகைத் தேதி கிடையாது. வால்நட்சத்திரப் பட்டியலில் பாதை கணக்கிட முடியாதவற்றுக்கு முன்னால் எக்ஸ் என்ற எழுத்தைப் போடுவார்கள். போக்சன் பியேலா என்று எழுதிய பொருள் இன்று அதில் எக்ஸ்/1872 எக்ஸ்1 என்று நிற்கிறது, பக்கத்தில் போக்சன் பெயரோடு.